கவராயமும் பாலாற்றுக் குளியலும்

மெட்ரிகுலேஷனில் ஜியோமெட்ரி என்னை ஒருமுறை கவிழ்த்துவிட்டது. மறுபடியும் தவறினால் கல்லூரி கிடையாது. கல்யாண வீடுகளில் மாமாவோடு கரண்டி பிடிக்க வேண்டியதுதான்.

ஆம்பூரில் என்னோடு படித்த ஏசுதாஸ் சொல்லிக்கொடுக்க முன்வந்தான். அவன் அப்பா தோல் பதனிடும் ஷாப்பில் சுண்ணாம்புக் குழியில் இறங்கித் தோல் அலசுபவர். ஷாப்புக்குப் பின்னால், புங்கமரத்தடியில் பாடம். கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு தேற்றங்களைக் கற்றேன். திரும்பும் வழியில் தினமும் பாலாற்று ஊற்றில் குளித்துவிடுவேன்.

பரீட்சைக்கு முந்தின நாள், நான் மறந்து விட்டுவந்த கவராயத்தை எடுத்துக்கொண்டு அவன் ஆற்றுக்கே ஓடிவந்தான். நான் குளித்துவிட்டுப் புதுப் பூணூல் போட்டுக்கொண்டிருந்தேன்.

“தோல் நாத்தம் ஜாஸ்திடா” என்றேன்.

“நாத்தம்னா துணிய தொவச்சா போதுமே. பூணூல இன்னாத்துக்கு மாத்துற?”

கையை நீட்டினேன். அவன் கவராயத்தை மணலில் வைத்தான்.

“கைல குடுத்தா மறுபடியும் குளிக்கணுமே, சாமி. நாளைக்குப் பரீட்ச, சளி புடிச்சிக்கும்.”

அதுவரை என்னை ‘டா’ போட்டு அழைத்தவன் அவன்.

ஜியோமெட்ரியில் தேறினேன். தாளில் எழுதியதெல்லாம் அவன் கொடுத்தது. அதை மட்டும் நான் எந்த ஆற்றிலும் கழுவிக்கொள்ளவில்லை.