காலியான அலமாரி

லரூ பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். சனிக்கிழமை காலை என் உணவு விடுதிக்குள் நுழைந்தால் அவள் குரல் சமையலறை வரை கேட்கும். மூலை மேசைதான் அவளுக்கு. அங்கே உட்காருகிறவர்கள் எல்லாரும் ‘கால்டர்’ கம்பெனியின் பங்குதாரர்கள். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்திலுள்ள எங்கள் ஊரிலிருந்து கூப்பிடு தூரத்தில்தான் அதன் தொழிற்சாலை. கணினிக் கோப்புகளைப் பதிந்துவைக்கும் தடித்த நீலத் தட்டுகள்தான் சரக்கு. தொண்ணூற்றேழில் அதன் எதிர்காலத்தைப் பற்றி அவர்கள் போட்ட சண்டையில் என் சூடான சாக்லேட் அண்டா அண்டாவாகப் போனது. வைத்துவிட்டுப் போகும் டிப்ஸைப் பற்றிப் பேசாமலிருப்பதே நல்லது.

லரூவுக்கு இதில் வீடே சிக்கியிருந்தது. அவள் வாடகைக்கு இருந்த வீடு விலைக்கு வந்தது. பங்குகளை அப்போதே விற்றால் முன்பணம் தேறும். பொறுத்தால் முழு வீட்டையும் வாங்கலாம் என்றார் மேசைத் தலைவர் மெரில், ஓய்வுபெற்ற தபால்காரர்.

அவள் தம்பி கேலன் மட்டும் எதிர்க்கட்சி.

“சிடியில எழுதுற மெஷின் வந்தாச்சுக்கா. வெத்து சிடி அடிமாட்டு விலைக்குக் கெடைக்குது. உன் தட்ட எவன் வாங்குவான்?”

“ஒரு தடவ எழுதினா அப்புறம் அழிக்க முடியுமாடா அதுல? வாய மூடிட்டு கெழங்கத் தின்னு.”

“கடையில போய்ப் பாரு தம்பி,” என்பார் மெரில். “அலமாரி காலி! வந்த சரக்கு நிக்கவே மாட்டேங்குது.”

அதுதான் அவர்களுடைய அசைக்க முடியாத சாட்சி. யார் எந்த ஊருக்குப் போனாலும் கணினிக் கடைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு வந்து சொல்ல வேண்டும்.

செப்டம்பரில் பள்ளி அணியை ஏற்றிக்கொண்டு பக்கத்து ஊருக்குப் போன லரூ, பிள்ளைகளை மைதானத்தில் இறக்கிவிட்டுக் கடைக்குப் போனாள். அலமாரியில் நீலத் தட்டு ஒரே ஒரு பெட்டி. பிடித்தாள். மறுமுனையை இன்னொரு கை பிடித்தது. மெரில்.

“பேரனுக்கு,” என்றார்.

“என் பேத்திக்கு.”

“உனக்கேது பேத்தி?”

“உங்க பேரன்கிட்ட கம்ப்யூட்டரே இல்லையே, பிரதர்!”

அடுத்த சனிக்கிழமை லரூ நேரடியாகக் கேட்டாள்: “உண்மையச் சொல்லுங்க. யார் யார் வீட்டுல பெட்டி அடுக்கியிருக்கீங்க?”

தயங்கித் தயங்கி எல்லாக் கைகளும் எழுந்தன. எங்கள் ஜனங்கள் தேவாலயச் சபையின் சொற்படி, கஷ்ட காலத்துக்கென்று ஒரு வருடத்துக் கோதுமையும் பால்பொடியும் கீழறையில் சேர்த்து வைப்பவர்கள். பக்கத்திலேயே நீலத் தட்டுகளும் கூரை வரை ஏறியது யாருக்கும் விசித்திரமாகத் தோன்றவில்லை.

“அப்ப கடையக் காலி பண்ணினது நாமதானா?”

“அதனால என்ன? நாமளும் வாடிக்கையாளர்தானே!” என்றார் மெரில். “இப்ப நிறுத்தினா அலமாரி நெறஞ்சிடும். இன்னும் கொஞ்சம் வாங்கணும்.”

மேசையே தலையாட்டியது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

திங்கட்கிழமை லரூ எல்லாப் பங்குகளையும் விற்று முன்பணம் கட்டினாள். மெரில் அவளைத் துரோகி என்றார். அவள் வந்தால் மேசை பேச்சை நிறுத்தியது. அதற்கெல்லாம் அசருகிறவளா அவள்? தனி மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டாள்.

அடுத்த வசந்தத்தில் எங்கு பார்த்தாலும் சிடிதான். கால்டர் பங்கு அதலபாதாளத்துக்குப் போனது. வீட்டை அடகு வைத்துப் பங்கு வாங்கியிருந்தார் மெரில். வீடும் கையைவிட்டுப் போயிற்று, பாவம் மனிதர்.

ஒரு சனிக்கிழமை அவர் லரூவின் மேசைக்கு வந்து, தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

“உன் வீட்டுல ஒரு ரூம் வாடகைக்குக் கெடைக்குமா லரூ?”

லரூ எதிர் நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டாள்.

“உக்காருங்க பிரதர். மொதல்ல சாப்பிடுங்க. அப்புறம் சேர்ந்தே வீட்டுக்குப் போகலாம்.”