லாபம், ரெண்டு, மூணு

பள்ளிக்கூடத்தில் சேரும் முன்பே எனக்கு எண்ணத் தெரியும் என்பதில் அம்மாவுக்கு ஒரே பெருமை. கடம்பத்தூர் ஸ்டேஷன் பக்கம் தண்ணீர் பிடிக்கப் போனால்கூட, "எங்க பொண்ணு இருபது வரிக்கும் எண்ணுது" என்று யாரிடமாவது சொல்லாமல் குடத்தைத் தூக்கமாட்டாள். அப்பா ரயிலேறி ஃபேக்டரிக்குப் போகிறவர். அம்மாவுக்குக் கழனி வேலை. அறுப்புக் கூலியாக வரும் நெல்லை அவள் படியால் அளந்து பானையில் கொட்டுவாள். பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக் கேட்டுத்தான் நான் எண்ணக் கற்றுக்கொண்டேன். வினையே அங்கேதான் ஆரம்பித்தது.

எங்கள் பக்கத்தில் நெல் அளப்பவர்கள் முதல் படியை ஒண்ணு என்று சொல்லமாட்டார்கள். லாபம் என்பார்கள். அப்புறம்தான் ரெண்டு, மூணு. ஒண்ணு என்று தொடங்கினால் ஒண்ணோடு நின்றுவிடுமாம். லாபம் என்று தொடங்கினால் பெருகுமாம். அந்தச் சொல்லைச் சொல்லும்போது அம்மா கண்ணை மூடிக்கொள்வாள். கோயிலில்கூட அவளிடம் அவ்வளவு பக்தியை நான் பார்த்ததில்லை.

என்னைச் சேர்க்கப் போன அன்று டீச்சர் ஒரு பிடி புளியங்கொட்டையை முன்னால் கொட்டி எண்ணச் சொன்னார். நான் ஒவ்வொன்றாகத் தள்ளி, "லாபம், ரெண்டு, மூணு" என்று பாடாத குறையாகத் தொடங்கினேன். அவர் நிறுத்தி, முதலிலிருந்து சொல்லச் சொன்னார். முதலிலிருந்தே சொன்னேன். "லாபம், ரெண்டு..."

"ஒண்ணு எங்கே?"

எனக்கு எப்படித் தெரியும்? அந்தக் கொட்டைகளில் அது இல்லை.

டீச்சர் அம்மாவிடம், "பொண்ணுக்கு எண்ண வரலையேம்மா, அடுத்த வருஷம் கூட்டிட்டு வா" என்றார்.

அம்மாவின் முகம் செத்துப்போயிற்று. தம்பி அப்போது கைக்குழந்தை. அவனைப் பார்த்துக்கொண்டு ஒரு வருஷம் நான் வீட்டில் இருந்துவிட்டால், அடுத்த வருஷம் என்பது வரவே வராது. எங்கள் தெருப் பெண்களுக்கெல்லாம் அப்படித்தான் ஆகியிருந்தது, அம்மாவையும் சேர்த்து.

"டீச்சர், அது என்னைப் பாத்துக் கத்துக்கினு சொல்லுது. நெல்லு அளக்கசொல்லோ நாங்க அப்டித்தான் சொல்லுவோம். தப்பு எம்மேலதான். புள்ளைய திருப்பி அனுப்பிடாதீங்க."

டீச்சர் என் பக்கம் குனிந்தார். "உனக்கு எத்தனை மூக்கு?"

"ஒண்ணு."

"எத்தனை அம்மா?"

"ஒண்ணு." இதையெல்லாமா கேட்பார்கள் என்றிருந்தது எனக்கு.

"சரி, கொட்டையை எண்ணு."

"லாபம், ரெண்டு, மூணு..."

டீச்சர் சிரித்துவிட்டார். சிரித்துக்கொண்டே என் பெயரை எழுதிக்கொண்டார்.

பிற்பாடு நான் கணக்கையே படிப்பாக எடுத்துப் படித்தேன். கயிற்றில் முடிச்சுப் போட்டுக் கணக்கு வைத்தவர்கள், களிமண்ணில் குத்தி அறுபது அறுபதாக எண்ணியவர்கள், கால் விரலையும் சேர்த்து இருபது இருபதாக எண்ணியவர்கள் என்று உலகத்தில் ஆளுக்கொரு வழி இருந்திருக்கிறது. பழைய கிரேக்க அறிஞர்களில் பலர் ஒன்றை எண்ணாகவே ஒப்புக்கொள்ளவில்லை; எண்கள் இரண்டில்தான் தொடங்குகின்றன என்றார்கள். கடம்பத்தூருக்கு வந்திருந்தால் அவர்களையும் எங்கள் டீச்சர் அடுத்த வருஷம் வரச் சொல்லியிருப்பார்.

நான் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியபின் வந்த முதல் அறுப்பில், அம்மா கூலி நெல்லைக் குவித்துவைத்து என்னைப் பக்கத்தில் கூப்பிட்டாள். படியை நிரப்பிக் கொட்டினாள்.

"ஒண்ணு" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "எம்மா, லாபம்னு சொல்லு!"

"ஒண்ணுதான். நீயும் கூட சொல்லு."

நான் சொல்லவில்லை. டீச்சர் சொன்னதைக் கேட்டுக்கொண்டு நம் வீட்டு நெல்லைப் பெருகவிடாமல் பண்ணுகிறாளே என்று ஆத்திரமாக வந்தது. அவள் பாட்டுக்கு ரெண்டு, மூணு என்று அளந்துகொண்டே போனாள். அந்த நெல் பெருகாமல் போய்விடுமோ என்ற பயம் என்னைவிட அவளுக்குப் பல மடங்கு இருந்தது என்பதும், அந்தப் பயத்தோடேதான் அவள் எனக்காக ஒண்ணு என்று சொன்னாள் என்பதும் அப்போது எனக்குத் தெரியாது.