பாம்புக்காதுக்குக் கேட்காத ரீங்காரம்

தெருவில் எல்லோருக்கும் அவர் பாம்புக்காது. இன்வெர்ட்டர் பெட்டி செய்து விற்பவர். பெட்டியைத் திறக்காமலே, அதன் ரீங்காரத்தைக் கேட்டுப் பழுதைச் சொல்லிவிடுவார். அந்தப் பெருமையில் மனிதருக்குத் தலைகால் புரியாது. "புகை வந்தா எல்லார் மூக்குக்கும் தெரியும். எனக்கு அதுக்கு முன்னாடியே காதுல தெரியும்" என்பார்.

வெறும் பீற்றல் இல்லை அது. பேட்டரி மின்சாரம் ஒரே திசையில்தான் ஓடும்; வீட்டுச் சாமான்களுக்கோ முன்னும் பின்னும் போய்வரும் மின்சாரம் வேண்டும். அதற்குப் பெட்டிக்குள் இரண்டு டிரான்சிஸ்டர்கள். ஒன்று திறந்தால் மற்றதை மூடும். பிறகு மற்றது திறந்து இதை மூடும். நொடிக்கு ஐம்பது சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் டிரான்ஸ்பார்மருக்குள் மின்சாரம் போய்த் திரும்ப, பன்னிரண்டு வோல்ட் இருநூற்று முப்பதாகி வெளியே வரும். ஒன்று தன் முறையைத் தவறவிட்டால் ரீங்காரம் கரகரக்கும். பல்பு அப்போதும் எரியும். ஆனால் நுணுக்கமான இயந்திரம் எதையாவது மாட்டினால் கருகிவிடலாம்.

இரண்டு மாதமாக அவருக்கு அந்த ரீங்காரம் கேட்கவில்லை. பேச்சு கேட்டது, தாழ்ந்த ஒலிகள் மட்டும் காதில் விழவில்லை. யாரிடமும் மூச்சு விடவில்லை. பாம்புக்காதுக்கே காது போச்சு என்று தெருவே சிரிக்குமே. தலையைச் சாய்த்துக் கேட்பதுபோல் நடித்துக் காலத்தை ஓட்டினார்.

அன்று மத்தியானம் மின்சாரம் போனது. உள்ளறையில் அவருடைய அக்கா. நுரையீரல் கெட்டு, மூச்சு இயந்திரத்தோடு கிடப்பவள். இயந்திரம் நின்றதும் அவளுடைய தோள் எலும்புகள் ஏறி இறங்கத் தொடங்கின. அவர் ஓடிவந்து அவளுக்கென்று வைத்திருந்த இன்வெர்ட்டர் பெட்டியைப் போட்டார். சோதனை பல்பு எரிந்தது. இயந்திரத்தின் பிளக்கைக் கையில் எடுத்தவர் சொருகாமல் நிறுத்தினார். உள்ளங்கையைப் பெட்டிமேல் வைத்துப் பார்த்தார். பெட்டி அதிர்கிறதா, தன் கைதான் நடுங்குகிறதா என்று தெரியவில்லை.

"என்னடா... பாக்குற... சொருகு."

"அக்கா, சத்தம் எப்படி வருது? எனக்குக் கேக்கலக்கா."

அவள் கண்ணை மூடிக் கவனித்தாள்.

"கரகரன்னு... விட்டு விட்டு வருதுடா."

அணைத்துவிட்டுப் பெட்டியைத் திறந்தார். ஒரு டிரான்சிஸ்டருக்குப் போகும் கம்பியின் திருகு தளர்ந்திருந்தது. இறுக்கிவிட்டு மறுபடி போட்டார்.

"இப்ப?"

"ஒரே சீரா... இருக்கு."

சொருகினார். இயந்திரம் ஓடியது. அவள் உதட்டில் நிறம் திரும்பிய பிறகே அவருக்கு உயிர் வந்தது.

மூச்சு நிலைக்கு வந்ததும் அக்கா கேட்டாள். "எத்தன நாளாடா கேக்கல?"

"ரெண்டு மாசமா."

"என் பெட்டிய விடு. இந்த ரெண்டு மாசத்துல எத்தன வீட்டுக்குக் குடுத்த?"

ஒன்பது. அதில் இரண்டு, இதேபோல மூச்சு இயந்திரத்துக்கென்று கேட்டு வாங்கியவை. மின்சாரம் ஊர் முழுக்கப் போயிருந்தது. அவர் செருப்புகூடப் போடாமல் ஓடினார்.