அக்கா பஸ்ஸில் பார்த்த முகங்கள்

எங்கள் அக்கா மறைந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களும் நண்பர்களும் புகழுரையை எதிர்பார்ப்பீர்கள். அக்காவை அதிகம் சந்தேகப்பட்டவள் நான்தான். அதைச் சொல்லாமல் எழுத எனக்கு வரவில்லை.

அக்கா திண்டுக்கல் பக்கம் ஆத்தூரில் பிறந்தார். அப்பா தவறியதும் பத்தாம் வகுப்போடு நின்று, வேடசந்தூர் பக்கம் ஒரு நூல் மில்லில் சேர்ந்தார். என்னை டிகிரி வரை படிக்க வைத்தார். மெசின் பார்க்கப் போனவர் சூப்பர்வைசர் ஆனார். ஸ்கூட்டர் வாங்கிய பிறகும் திண்டுக்கல்லிலிருந்து மில் பஸ்ஸில்தான் போவார். முன்சீட்டில் உட்கார்ந்து ஏறுகிற ஒவ்வொருவர் முகத்தையும் பார்ப்பார். கோபத்தோடு ஏறியவரை அன்று மெசின் பக்கம் விடமாட்டார். "சாப்டியா ஆத்தா?" என்று கேட்டு, கழிவுப் பஞ்சு பிரிக்க அனுப்புவார். அவர் ஷிஃப்டில் யாருக்கும் கை அடிபட்டதில்லை. பயிற்சி வகுப்பு எடுக்க வந்தவர் தன் மனசையும் பிறர் மனசையும் அறிந்து நடக்கிற இதுதான் 'எமோஷனல் இன்டெலிஜென்ஸ்' என்று பாராட்டினாராம். எனக்கோ முதலாளிக்காக ஆட்களிடம் வேலை வாங்குகிற சாமர்த்தியமாகத்தான் பட்டது.

வீட்டிலும் நான் எவ்வளவு கத்தினாலும் எதிர்த்துப் பேசமாட்டார். நான் சென்னைக்கு வேலைக்குப் போக வேண்டாம் என்று அவர் சொன்ன காலையில், "என்னையும் மில் ஆளுன்னு நெனச்சியா? உன் பாசம்கூட நடிப்புத்தான்" என்று கேட்டுவிட்டேன்.

"சோறு வடிச்சுட்டேன், தொட்டுக்க வெஞ்சனம் அடுப்புல இருக்கு, சாப்பிட்டுரு. நான் போயிட்டு வாரேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கிளம்பினார். கொஞ்சமும் அசையவில்லையே என்று எனக்கு ஆத்திரம்.

புற்றுநோய் வந்து படுக்கையில் கிடந்தபோதும், நான் தூங்கினேனா என்றுதான் விசாரித்தார். மனதில் இருப்பதை அப்போதும் மறைக்கிறார் என்றே நினைத்தேன்.

காரியத்தன்று ஒரு மில் பஸ் நிறைய ஆட்கள் வந்தார்கள். முதலாளி அனுப்பிய கூட்டம் என்று அவர்களையும் சந்தேகப்பட்டேன். அக்காவிடம் வேலை பார்த்த ஓர் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீதான் தங்கச்சியா? ஒரு நா, நீ சென்னைக்குப் போறதுல ஒங்கூடச் சண்டைன்னு பஸ்ஸுல அம்புட்டு அழுதுச்சு. 'இன்னிக்கு எனக்கே மனசு சரியில்ல, யாரையாச்சும் ஏசிப்புடுவேன். யாரு எந்த மெசினுன்னு நீங்களே பிரிச்சுக்கங்க'ன்னு சொல்லிட்டு, அதுவே போயி பஞ்சு பிரிக்க உக்காந்துருச்சு."



ஆஸ்பத்திரிக்கு மாறி மாறித் துணை வந்த அக்கம்பக்கத்தாருக்கும், கடைசி நாள் வரை கஞ்சி கொடுத்தனுப்பிய சித்திக்கும், மில் தோழிகளுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அக்கா அழுதுகொண்டு போன அந்தக் காலையில் பஸ்ஸில் அவர் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்திருந்தவர் யாரென்று இன்னும் எனக்குத் தெரியாது. அவருக்கு என் தனிப்பட்ட நன்றி. நான் இருந்திருக்க வேண்டிய இடம் அது.