பறக்கிற கொக்கின் கழுத்து

போட்டோ ஸ்டூடியோவில் வேலை பார்க்கிறவன் ஒரு நாளில் அதிகம் சொல்லும் வார்த்தை "அசையாதீங்க" என்பதுதான். காமிராவின் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டு வியர்த்த நம் தொழில்காரர் உங்களுக்கெல்லாம் தெரியும். சொன்ன அடுத்த நொடி மாப்பிள்ளை மூக்கைச் சொறிவார், சிப்பாய் தொப்பியைச் சரிசெய்வான். நிற்கச் சொன்னால் புரிந்துகொள்ளும் மனிதர்களிடமே இந்தப் பாடு. நானோ பறவையை எடுக்கப் போனேன்.

டீச்சரும் வீட்டுக்காரரும்

ஜீவனஹள்ளியிலிருந்து ஸ்டெல்லா டீச்சரும் அவர் கணவர் மரியதாஸ் ஐயாவும் கல்யாண நாள் படம் எடுக்க வந்தார்கள். டீச்சர் பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், ஐயா தபாலாபீஸ் பென்ஷன்காரர். நான் ஃபோகஸ் பார்க்கும்போதே இருவருக்கும் வாக்குவாதம். கொக்கு பறக்கும்போது கழுத்தை நீட்டிக்கொள்ளும் என்று போர்டில் வரைந்துதான் டீச்சர் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தாராம். இல்லை, மடக்கிக்கொள்ளும் என்கிறார் ஐயா. அவர் தலையை ஆட்டி ஆட்டிப் பேசியதில் படம் பிடிக்கும் கண்ணாடித் தகடு இரண்டு பாழ்.

"அல்சூர் ஏரிக்குப் போனா தெரிஞ்சுடுமே டீச்சர்" என்றேன்.

டீச்சர் சிரித்தார். அவருக்குத் தூரப் பார்வை போய்விட்டது. வானத்தில் பறப்பதெல்லாம் வெறும் புகைதான். கண்ணோடு ஒட்டினாற்போல் வைத்தால் மட்டும் தெரியும். அதுவும் கிறிஸ்துமஸ் வரை நிற்குமோ என்னவோ என்று கண் டாக்டர் சொல்லியிருக்கிறார். இதையெல்லாம் சாதாரணமாகச் சொல்லிவிட்டுக் கடைசியில் கேட்டார்: "நான் கொக்குகிட்ட போய்ப் பிரயோஜனமில்ல தம்பி. நீ கொக்கை என்கிட்ட கொண்டாந்துடேன்."

பெரிய காமிராவும் கொக்கும்

எங்கள் தாத்தா சொன்ன கதைகளில் பறவைகள் மனிதரிடம் நின்று பேசிவிட்டுத்தான் போகும். அதைக் கேட்டு வளர்ந்த புத்தியோ என்னவோ, கொக்கு கொஞ்சம் ஒத்துழைக்கும் என்று நம்பி, ஞாயிற்றுக்கிழமை காலையில் ஸ்டூடியோவின் பெரிய காமிராவைத் தோளில் சுமந்துகொண்டு ஜோகுபாளையம் வழியாக ஏரிக்குப் போனேன். முக்காலியை நிறுத்தித் துணிக்குள் தலையை விட்டால், காமிராவின் பின்கண்ணாடியில் கொக்கு தலைகீழாக நிற்கிறது. தகட்டைச் செருகி லென்ஸ் மூடியில் கை வைத்தேன். எழும்பிவிட்டது.

முதலில் உடம்பைத் தாழ்த்தி ஒரு உதை. பிறகு இரண்டு இறக்கையும் தண்ணீரைத் தொடுகிற மாதிரி இறங்கி, காற்றைப் பிடித்துக்கொண்டு மேலே போயின. அத்தனை பெரிய உடம்புக்குச் சத்தமே இல்லை. மூடியைக் கழற்ற மறந்து, "அசையாதீங்க, அசையாதீங்க" என்று சொல்லிக்கொண்டு நின்றேன். எங்களைக் கல்யாண வீடுகளிலேயே பார்த்துப் பழகிய முனியப்பா, கரையில் துணி துவைக்கிறவர், கையிலிருந்த வேட்டியை உதறிக்கொண்டே கேட்டார்: "ஏனப்பா, கொக்குக்குக் கல்யாணமா? பொண்ணு எங்க?"

கரீம் பாய் சுத்தம் செய்த மரம்

மொதலாளி ரேஸ் குதிரை எடுக்க வைத்திருந்த கைக் காமிராவைக் கெஞ்சி வாங்கினேன். அடுத்தடுத்த ஞாயிறுகளில் வெள்ளைக் கோடுகளாக நிறைய விழுந்தன. கடைசியில் ஒரு தகட்டில், இருண்ட மரங்களுக்கு முன்னால், சின்னதாக, முழுக் கொக்கு. தகட்டைக் காய வைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன்.

எங்கள் ஸ்டூடியோவில் தகட்டில் கறை நீக்கும் ரீடச்சிங் வேலைக்குக் கரீம் பாய். அம்மைத் தழும்பு, மரு எல்லாம் அவர் கத்தி முனை பட்டால் காணாமல் போகும். கண்ணாடித் தகட்டில் வெள்ளையெல்லாம் கறுப்பாகத்தானே தெரியும்? என் கொக்கு அவர் கண்ணுக்கு ஒரு கறுப்புக் கறை. நான் திரும்பி வந்தபோது மரங்கள் மட்டும் இருந்தன. கொக்கு இருந்த இடத்தை எடுத்த என்னாலேயே கண்டுபிடிக்க முடியவில்லை, அவ்வளவு நேர்த்தி. வெளியே வீடுகளில் கிறிஸ்துமஸ் நட்சத்திரம் கட்ட ஆரம்பித்திருந்தார்கள். என் முகத்தைப் பார்த்து பாய் பதறிப்போனார். "மூஞ்சியில மச்சம் இருந்தாலே சுரண்டுன்றீங்க. மரத்துல இருந்தா விடுவேனா தம்பி?"

வெயிலில் வைத்துப் பார்த்த படம்

அடுத்த ஞாயிறு கரீம் பாயும் ஏரிக்கு வந்தார். அவர் கைதட்ட, கொக்கு எழும்பி என் பக்கமாகவே வந்தது. படத்தைப் பெரிதாகப் போட்டு, பாய் கொடுத்தனுப்பிய உருப்பெருக்குக் கண்ணாடியோடு ஜீவனஹள்ளிக்குப் போனேன்.

டீச்சர் ஜன்னல் வெயிலில் படத்தை மூக்கில் இடிக்கிற மாதிரி பிடித்துக்கொண்டார். "இறக்கை ஓரத்துல வெளிச்சம் ஊடுருவுது. ஒவ்வொரு இறகா எண்ணலாம் போல. காலு ரெண்டும் பின்னால, மறந்துபோன மாதிரி தொங்குது" என்று மெல்ல ஐயாவுக்குப் படித்துச் சொன்னார். விரல் நகர்ந்து கழுத்துக்கு வந்து நின்றுவிட்டது. கழுத்து மடங்கி, தலை தோளோடு ஒட்டியிருந்தது.

"மடக்கித்தான் வச்சிருக்கு" என்றார் டீச்சர். "இத்தனை பிள்ளைங்களுக்கும் தப்பா வரைஞ்சிட்டேன்."

ஜெயித்த ஐயா என்ன சொல்லப்போகிறாரோ என்று பயந்தேன். அவர் படத்தை வாங்கி நிதானமாகப் பார்த்தார். "இது கெழட்டுக் கொக்கு ஸ்டெல்லா. குளிருக்கு மடக்கியிருக்கு. வயசுக் கொக்கெல்லாம் நீட்டிக்கிட்டுத்தான் பறக்கும்."

டீச்சர் உருப்பெருக்குக் கண்ணாடியை அவர் முகத்தருகே கொண்டுபோய், கொக்கைப் பார்த்ததைவிட அதிக நேரம் அதில் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்: "போட்டோவுக்கு ஒரு நிமிஷம் சும்மா இருக்க மாட்டாரு. பொய் சொல்றப்போ மட்டும் மூஞ்சி அசையுதா பாரு தம்பி."

இன்றைக்கும் ஏரியில் கொக்கு எழும்பினால் என் வாய் தானாக "அசையாதீங்க" என்றுதான் சொல்கிறது, கொக்கும் நம் வாடிக்கையாளர்களைப் போலவே காதில் வாங்குவதில்லை.