4.3 தேடிப் போடிமெட்டுக்கு

பொங்கல் கழிந்த இரண்டாவது வெள்ளிக்கிழமை மதுரையிலிருந்து போடிநாயக்கனூர் போய், அங்கிருந்து மலையேறி, அன்று சாயங்காலமே திரும்பி வந்தேன். போக வர இருநூற்று நாற்பது கிலோமீட்டர் சொச்சம். ஊர் சுற்றப் போகவில்லை. என்னுடைய பழைய ஸ்போர்ட்ஸ் காரின் பின்னச்சில் உட்காருகிற டிஃபரன்ஷியல் பல்சக்கரம் வாங்கப் போனேன். அந்த வேலையாக அந்தப் பக்கம் போகிறவர்கள் தமிழ்நாட்டில் பத்துப் பேர் இருந்தால் அதிகம். அந்தப் பத்துப் பேரில் ஒருவன் எனக்கு இரண்டு நாள் முன்னால் போய்விட்டு வந்துவிட்டான். பயணக் கட்டுரையில் இவ்வளவு எரிச்சல் எதற்கு என்று யாராவது கேட்டால் அதுதான் காரணம்.

வண்டியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். அறுபதுகளில் இங்கிலாந்தில் செய்தது. இரண்டே இருக்கை, மேலே துணிக்கூரை. இதே மாதிரி வண்டி திண்டுக்கல்லில் பாஸ்கரிடம் இருக்கிறது. பாஸ்கர் எனக்குப் பத்தொன்பது வருடச் சிநேகிதன். என் கார்ப்புரேட்டரைப் பிரித்துப் பூட்டியவன் அவன்; அவன் கல்யாணத்துக்கு வண்டி ஓட்டியவன் நான். இனி இதையெல்லாம் இறந்தகாலத்தில்தான் எழுத வேண்டும்.

போன வருடம் எங்கள் பழைய கார்க் குழு போடிமெட்டு ஏறியபோது என் வண்டி ஒன்பதாவது வளைவில் ஒரு பஸ்சுக்குப் பின்னால் நின்றது. நின்றது நின்றதுதான். முதல் கியரில் கிளட்சை விட்டால் இன்ஜின் அணைகிறது. அணையாமல் எடுத்தால் கிளட்ச் கருகுகிறது. பாஸ்கர் மேலிருந்து இறங்கி வந்து, தள்ளுவதற்கு முன்னால், செல்போனில் படம் எடுத்தான். அது குழுவில் எல்லோருக்கும் போனது. நானும் சிரித்துவைத்தேன்.

கோளாறு வண்டியின் விகிதத்தில். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். இன்ஜினிலிருந்து பின்னால் வரும் தண்டின் முனையில் ஒரு சின்னப் பல்சக்கரம் இருக்கும். அதற்குப் பினியன் என்று பெயர். அது ஒரு பெரிய பல்சக்கரத்தைச் சுழற்றும், பெரியதற்குக் கிரவுன் என்று பெயர். எங்கள் வண்டியில் கிரவுனுக்கு 43 பல், பினியனுக்கு 11. நாற்பத்து மூன்றைப் பதினொன்றால் வகுத்தால் 3.9. தண்டு 3.9 தடவை சுற்றினால் டயர் ஒரு தடவை சுற்றும். பினியனில் ஒரு பல் குறைந்து 10 ஆனால் 4.3. மலையில் பத்து சதவீதம் கூடுதல் இழுவை. அதற்கு விலையாக, சமதளத்தில் எண்பதில் போகும்போது என் கணக்குப்படி நிமிடத்துக்கு 2,800 தடவை சுற்றுகிற இன்ஜின் 3,080 தடவை சுற்றும். சத்தம் கூடும், பெட்ரோல் கூடும்.

வண்டி நின்றுபோன அன்றைக்குத்தான் எனக்கு ஸ்டெல்லா அக்காவைத் தெரியவந்தது. போடியில் ஏலக்காய்க் கடை, மெட்டுக்கு மேலே சின்ன எஸ்டேட். அவருடைய வீட்டுக்காரருக்குப் பழைய கார்களை வாங்கிக் கழற்றிப் போடுகிற பைத்தியம் இருந்திருக்கிறது. அவர் இறந்து நான்கு வருடம். எஸ்டேட்டில் ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரை ஒட்டிய கொட்டகையில் எங்கள் வண்டிக்கான இரண்டு செட் பல்சக்கரம் கிடந்தது. ஒன்று 3.9, ஒன்று 4.3. "எப்ப வேணாலும் வந்து எடுத்துக்கங்க தம்பி, இங்க யாருக்கு அது வேணும்?" என்றார்.

உடனே எடுத்திருக்க வேண்டும். எடுக்கவில்லை. ஏனென்றால் எனக்கு எது வேண்டும் என்று பாஸ்கரோடு ஆறு மாதம் விவாதித்துக்கொண்டிருந்தேன். அவன் 3.9 கட்சி. "4.3 போட்டா நாலுவழிச் சாலையில தையல் மிஷின் மாதிரி கத்தும் மாப்ளே" என்பான். நான் டயர் விட்டம், கியர் கணக்கு, வளைவுகளின் சரிவு எல்லாம் போட்டு அவனுக்கு அட்டவணை அனுப்புவேன். மார்கழியில் என் வண்டியின் பின்னச்சு முனகத் தொடங்கியது. பழைய 3.9-இல் ஒரு பல் சில்லு விட்டிருந்தது. இனித் தள்ளிப்போட முடியாது என்று செவ்வாய்க்கிழமை அவனுக்குப் போன் செய்தேன்.

"வெள்ளிக்கிழமை போறேன் மாப்ளே. 4.3 எனக்கு. 3.9 உனக்கு எடுத்துட்டு வர்றேன்."

"சரி மாப்ளே. பாத்து ஓட்டு. பின்னாடி சத்தம் கூடுனா நிறுத்திரு" என்றான். எவ்வளவு அக்கறை பாருங்கள்.

வெள்ளிக்கிழமை காலை ஐந்து மணிக்கு மதுரையில் கிளம்பினேன். உசிலம்பட்டி, ஆண்டிபட்டி, தேனி வழியாகப் போடிக்கு என் மீட்டருக்கு 92 கிலோமீட்டர். அறுபதைத் தாண்டாமல் ஓட்டி ஏழரைக்குச் சேர்ந்தேன். ஆண்டிபட்டி கணவாயில் முனகல் அழுகையாக மாறியது. சில்லு விட்ட பல்லோடு மலையேற எனக்குத் தைரியம் இல்லை. வண்டியைத் தெரிந்தவர் மில் காம்பவுண்டில் விட்டுவிட்டு, நாலு இட்லி தின்றுவிட்டு ஜீப்பு பிடிக்கப் போனேன். தோட்ட வேலைக்குப் போகிறவர்களின் ஜீப்புகள் ஆறு, ஆறரைக்கே நிரம்பிக் கிளம்பிவிடும். அதற்கப்புறம் சாமான் ஜீப்புதான். எனக்குக் கிடைத்தது பாண்டியுடைய ஜீப்பு. பின்னால் உரமூட்டை, மூட்டைமேல் மூன்று பெண்கள், முன்னால் நான். என்னிடம் நூறு ரூபாய் வாங்கினார்.

முந்தல் தாண்டி ஏற்றம் தொடங்கியதும் என் வயிற்றெரிச்சலும் தொடங்கியது. அத்தனை லோடோடு அந்த ஜீப்பு ஒவ்வொரு வளைவிலும் அலுங்காமல் திரும்பி ஏறியது. பாண்டியிடம் கிரவுன் பல் எத்தனை என்று கேட்டேன்.

"நாப்பத்தி மூணு. பினியன் எட்டு."

"எங்க வண்டிக்கும் கிரவுன் நாப்பத்தி மூணுதான். பினியன் பதினொண்ணு."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "பதினொண்ண வச்சுக்கிட்டு இந்த மலைக்கு எதுக்குண்ணே வந்தீங்க? ஏறுறத விடுங்க. எறங்குறப்ப வண்டியப் பிடிச்சு நிறுத்துறதும் அந்தப் பல்லுதான? பிரேக்கை நம்பி இதுல எறங்க முடியாது." மூட்டைமேல் இருந்த பெண்களில் ஒருவர், "அவர ஏன்டா மெரட்டுற, வெரசா ஓட்டு, எனக்குச் சோலி கெடக்கு" என்றார். ஒன்பதாவது வளைவு வந்தபோது நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

போடியிலிருந்து மெட்டுக்கு 25 கிலோமீட்டர், பதினேழு வளைவு, ஒரு மணி நேரம். அங்கிருந்து எஸ்டேட் இன்னும் நாலு கிலோமீட்டர். அதில் கடைசி ஒன்று வெறும் கல்பாதை. மெட்டில் நல்ல பனி. சுற்றுலா வந்தவர்கள் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அழகான இடம்தான், மறுக்கவில்லை. ஒன்பதேகாலுக்கு ஸ்டெல்லா அக்காவின் ஸ்டோர் வாசலில் இறங்கினேன். பாண்டி உரம் இறக்கிவிட்டு பதினொன்றுக்குத் திரும்ப வருவதாகச் சொன்னார்.

"வாங்க தம்பி. இன்னொண்ணையும் எடுக்க வந்தீங்களா? அவரு ஒண்ண மட்டும் கொண்டு போனாரே" என்றார் ஸ்டெல்லா அக்கா.

"யாரு?"

"உங்க கூட்டுக்காரரு. திண்டுக்கல்காரரு. புதன்கிழமை வந்தாரு. ரெண்டு பேருக்கும் சேத்துத்தான் வந்திருக்கேன்னு சொன்னாரே. பணிக்காரங்ககிட்ட சாக்பீஸ் வாங்கி, பல்லுல கோடு போட்டுப் போட்டு எண்ணுனாரு. ரெண்டு தடவ எண்ணுனாரு."

எந்த செட்டை எடுத்திருப்பான் என்று கேட்கவே தேவையில்லை. இருந்தாலும் கொட்டகைக்குள் போய்ப் பார்த்தேன். பலகையில் கிடந்த பினியனை எண்ணினேன். பதினொன்று. 3.9-ஐ விட்டுவிட்டு 4.3-ஐ எடுத்துப் போயிருந்தான். ஆறு மாதம் 3.9-க்காக வாதாடியவன். நான் அனுப்பிய அட்டவணையை எல்லாம் நன்றாகவே படித்திருக்கிறான். வாதத்தில் நான் ஜெயித்திருக்கிறேன், அவன் அதை என்னிடம் சொல்லாமல் புதன்கிழமை பஸ் ஏறியிருக்கிறான். பத்தொன்பது வருடத்தில் அவனிடம் நான் எதையும் மறைத்ததில்லை.

சரி, வந்ததற்கு 3.9-ஐயாவது எடுத்துப்போவோம் என்று மண்ணெண்ணெய் வாங்கித் துடைத்தேன். அப்போதுதான் பார்த்தேன். பினியன் முகத்தில் 27 என்று கீறியிருந்தது. கிரவுன் ஓரத்தில் 64.

இதை இந்த வண்டி வைத்திருக்கிற ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டும். கிரவுனும் பினியனும் ஜோடி. தொழிற்சாலையில் ஒன்றோடொன்று சேர்த்து உரசவிட்டு, இரண்டிலும் ஒரே எண்ணைக் கீறி அனுப்புவார்கள். ஒரு ஜோடியின் கிரவுனை இன்னொரு ஜோடியின் பினியனோடு போட்டால் ஊளையிடும், பிறகு பல்லைத் தின்னும். எங்கள் 3.9-க்கும் 4.3-க்கும் பினியன்தான் வேறு. கிரவுன் இரண்டுக்கும் 43 பல்தான், பார்வைக்கும் ஒரே மாதிரி இருக்கும். பாஸ்கர் 10 பல் பினியனைச் சரியாக எடுத்துவிட்டு, பக்கத்தில் கிடந்த தப்பான கிரவுனைத் தூக்கிப்போயிருக்கிறான். எண்ணிக்கை சரி. எண்ணைத்தான் பார்க்கவில்லை.

"ரெண்டு பெரிய வளையமும் ஒண்ணு மாதிரிதான இருக்கு, எத எடுத்தா என்னன்னு அவரே சொல்லிக்கிட்டாரு" என்றார் அக்கா.

சிரித்துவிட்டேன். அவனும் சேர்ந்து சிரித்திருக்க வேண்டிய சிரிப்பு அது. என்ன என்று அக்கா கேட்டார். சொன்னேன்.

"அட. அப்ப அவருக்கும் ஆகாது, உங்களுக்கும் ஆகாது. நான் போன் போட்டுத் தரவா? வளையத்த மாத்திக்கிட்டா ரெண்டு பேருக்கும் முழுசா ஆயிருமே."

ஆகிவிடும்தான். அவனுக்கு முழு 4.3, எனக்கு முழு 3.9. திருடியதை நானே கொண்டுபோய்ப் பூர்த்தி செய்து கொடுத்துவிட்டு, மறுபடி ஒன்பதாவது வளைவில் நிற்க வேண்டும். வேண்டாம் என்று சொன்னேன். அந்த ஜோடியை, எனக்கு உதவாது என்று தெரிந்தே, ஐயாயிரம் ரூபாய்க்கு வாங்கினேன். அது அங்கே இருந்தால் அவன் திரும்பி வந்து எடுப்பான். வாங்கியதற்கு வேறு காரணம் கிடையாது.

"அவன் கேட்டா, யாரோ வெளியூர்க்காரங்க எடுத்துட்டாங்கன்னு சொல்லிருங்கக்கா."

"உங்களுக்காக நான் எதுக்குப் பொய் சொல்லணும்? வித்துப்போச்சுன்னு சொல்றேன். அதுக்கு மேல சொல்ல மாட்டேன்" என்றார் ஸ்டெல்லா அக்கா. பழைய ஏலக்காய்ச் சாக்கு ஒன்றில் சுற்றிக் கட்டிக் கொடுத்தார். டீ குடிக்கச் சொல்லவில்லை. அது நியாயம்தான்.

பதினொன்றுக்கு பாண்டி வந்தார். பத்துக் கிலோ இரும்பை மடியில் வைத்துக்கொண்டு பதினேழு வளைவும் இறங்கினேன். போடியில் சாப்பாடு நூற்று இருபது ரூபாய். என்ன சாப்பிட்டேன் என்று நினைவில்லை. இரண்டு மணிக்குக் கிளம்பி நாற்பதிலேயே உருட்டி ஐந்து மணிக்கு வீடு வந்து சேர்ந்தேன். மறுவாரம் மெக்கானிக் எண்ணெயை இறக்கியபோது இரண்டு பல் துண்டு துண்டாக விழுந்தது. வண்டி இப்போது தார்ப்பாய்க்குள் இருக்கிறது.

ஐந்து வாரம் கழித்து பாஸ்கர் போன் செய்தான். புதன்கிழமை தேனிப்பக்கம் ஒரு சோலி இருந்ததாம், அப்படியே ஏறி எடுத்துவிட்டானாம். ஏதோ கறிவேப்பிலை வாங்கிய மாதிரி சொன்னான். பூட்டி அறுபது கிலோமீட்டர் ஓட்டியிருக்கிறான், ஊளை தாங்கவில்லை. பிரித்துப் பார்த்த மெக்கானிக், எண் ஒத்துப்போகவில்லை, சரியான கிரவுன் இப்போதே கிடைத்தால் பினியன் பிழைக்கும், இப்படியே இன்னும் ஓட்டினால் அதுவும் போய்விடும் என்றிருக்கிறார்.

"அங்க இன்னொரு கிரவுன் கெடந்துச்சு மாப்ளே. வித்துப்போச்சுன்னு அந்தக்கா சொல்றாங்க. நீ எடுத்தியா?"

"இல்ல மாப்ளே. நான் போகும்போதே இல்ல" என்றேன். குரல் பிசகவே இல்லை. எனக்கே ஆச்சரியம்.

இந்த வருடம் குழு போடிமெட்டு ஏறியபோது எங்கள் இரண்டு வண்டியும் போகவில்லை. தேனி பஸ் ஸ்டாண்டில் ஒரு மணி நேரம் சந்தித்து வளையத்தை மாற்றியிருந்தால் இரண்டும் போயிருக்கும்.

இதே வேலையாகப் போகிறவர்களுக்குச் சில விஷயம். மலை உங்கள் வழக்கம் என்றால் 4.3, நாலுவழிச் சாலைதான் என்றால் 3.9, இரண்டுக்கும் நடுவே தேடி வருடத்தை வீணாக்காதீர்கள். விகிதத்தை மாற்றினால் வேகமானி தப்புக் காட்டும், 4.3-க்குப் பத்து சதவீதம் கூடுதலாகக் காட்டும், அதையும் சரிசெய்யுங்கள். எஸ்டேட் ஜீப்பு வேண்டுமென்றால் ஆறு மணிக்கே போடியில் இருங்கள். பல்லை எண்ணுவதற்கு முன்னால் மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்து, கீறியிருக்கிற எண் இரண்டிலும் ஒன்றா என்று பாருங்கள். என்றைக்குப் போகிறீர்கள் என்பதை யாரிடமும் சொல்லாதீர்கள் என்று எழுதத்தான் நினைத்தேன். அதை எழுத எனக்கு யோக்கியதை இல்லை.

பாஸ்கர் இந்தப் பக்கத்தை விடாமல் படிப்பான், என் கணக்கில் தப்புக் கண்டுபிடிக்கவாவது படிப்பான். அதனால் மிச்சத்தை அவனுக்கே எழுதிவிடுகிறேன். பாஸ்கர், 64 என்று கீறிய கிரவுன் என் வீட்டு மாடிப்படிக்குக் கீழே இருக்கிறது. இல்லை என்று சொன்னது பொய். முந்திக்கொண்டு போனது தப்பு என்று நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றைக்கே தந்திருப்பேன் என்று இத்தனை நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அதுவும் பொய். நீ சொல்லியிருந்தாலும் தந்திருக்க மாட்டேன்.