சட்டைக் கையும் துவக்குப் பிடங்கும்

இதுவரை நான் நிரப்பிய விண்ணப்பப் படிவங்களை அடுக்கி வைக்க ஒரு அலமாரி காணாது. அவற்றில் முக்கால்வாசி, ஏதோ ஒரு பக்கத்தில், நான் எப்போதாவது ஆயுதம் வைத்திருந்தேனா என்று கேட்டன. எல்லாவற்றிலும் இல்லை என்று எழுதினேன். அது உண்மையும்கூட. துவக்கு என்ற சாமானை அதன் வாய்ப்பக்கம் நின்று மட்டும் பார்த்துப் பழகியவன் நான். அப்படிப்பட்டவன் இரண்டாயிரங்களின் நடுவில், நாற்பத்தாறு வயதில், மொன்றியலில் இருந்துகொண்டு, எனக்கொரு துவக்கு வைத்திருக்க அனுமதி தாருங்கள் என்று நானாகவே ஒரு படிவம் எடுத்து நிரப்பினேன்.

காரணம் என் பக்கத்து மேசைக்காரர். லொங்குய்யில், நகரங்களுக்குக் கழிவுநீர்க் குழாய் வரைந்து கொடுக்கும் அலுவலகம் ஒன்றில் நானும் அவரும் ஒன்பது வருடம் அருகருகே இருந்தோம். அவர் இந்த மண்ணின் பிரெஞ்சுக்காரர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், அதிகம் பேசாதவர். திங்கட்கிழமைகளில் இரண்டு ஆப்பிள் கொண்டுவந்து ஒன்றை என் மேசையில் வைப்பார். எங்கள் நட்பின் பேச்சுவார்த்தை பெரும்பாலும் அவ்வளவுதான். இலையுதிர் காலத்தில் ஒரு நாள் மட்டும் அவர் விடுமுறை எடுப்பார். அவரும் தம்பியும் இன்னும் ஆறு பேரும் மலைப்பக்கத்துப் பண்ணை ஒன்றுக்கு ஃபெஸான் சுடப் போவார்கள்.

ஃபெஸான் என்பது செம்பு நிற உடம்பும் நீண்ட வாலும் கொண்ட பறவை. கோழிக்கும் மயிலுக்கும் இரு வீட்டாரும் சம்மதிக்காமல் நடந்த கலியாணத்தில் பிறந்தது போலிருக்கும். அந்தப் பண்ணையில் அவற்றை மலை உச்சியிலிருந்து கிளப்பிவிடுவார்கள். சுடுகிறவர்கள் கீழே பள்ளத்தாக்கில், ஆளுக்கொரு முளை அடித்த இடத்தில் நிற்பார்கள். நெட்டையான பொப்லார் மரங்களின் தலைக்கும் மேலே, பொத்தான் அளவில் தெரிகிற பறவையைத்தான் சுட வேண்டும். தாழப் பறப்பதைச் சுடுகிறவனுக்கு மதியச் சாப்பாட்டில் யாரும் உப்பு எடுத்துக் கொடுக்க மாட்டார்களாம்.

ஒரு குளிர்காலத்தில் அவருடைய தம்பி இறந்துபோனார். பனி கரைந்த பிறகு ஒரு திங்கட்கிழமை அவர் ஆப்பிளை என் மேசையில் வைத்துவிட்டு, தம்பி நின்ற இடம் காலியாக இருக்கிறது, நீ வந்து நிற்பாயா என்று கேட்டார். இந்த நாட்டில் என்னை விசாரணைக்கு அழைத்திருக்கிறார்கள், கூட்டத்துக்கு அழைத்திருக்கிறார்கள், பல்லுச் சுத்தம் செய்ய அழைத்திருக்கிறார்கள். ஒரு மனிதன் தன் தம்பியின் இடத்துக்கு அழைத்தது அதுதான் முதல் தடவை. கடித்த ஆப்பிளை விழுங்குவதற்கு முன்பே வருகிறேன் என்றேன்.

நான் எதையும் முதலில் வாசித்துவிட்டுத்தான் செய்வேன். அநேகமாக வாசிப்போடு காரியம் முடிந்துவிடும். நூலகத்தில் துவக்குகள் பற்றிய பழைய ஆங்கிலப் புத்தகங்கள் நாலைந்து எடுத்து மெத்ரோவில் விரித்து வைத்து வாசித்தேன். பக்கத்து இருக்கை தானாகவே காலியானது. பிறகு இரண்டு நாள் பாதுகாப்பு வகுப்புக்குப் போய் எழுத்துப் பரீட்சையில் முழுப் புள்ளியும் எடுத்தேன். எல்லாம் முடிந்து படிவத்தைத் திருப்பினால், கடைசிப் பக்கத்தில் மனைவி கையெழுத்துப் போட ஓர் இடம் இருந்தது.

என் மனைவி அப்போது ஒரு கோட்டுத் தொழிற்சாலையில் தையல் வேலை. எங்கள் வீட்டில் தண்ணீர் பீச்சும் விளையாட்டுத் துவக்குக்கூட அனுமதி இல்லை. கலியாணத்துக்கு முன்பு ஊரில் ஓர் இராணுவச் சுற்றிவளைப்பின்போது அவரை வீட்டு வாசலில் அரை நாள் துவக்கு முன்னால் நிறுத்தி வைத்திருந்தார்கள். அதைப் பற்றி அவர் என்னிடம் சொன்னது மொத்தம் மூன்று வசனம். நாலாவதை நான் கேட்டதில்லை. அப்படியிருந்தும் அந்தப் படிவத்தை அவர் முன்னால் நீட்டினேன் என்றால், எவ்வளவு வாசித்தும் சில விடயங்கள் ஏறாது என்றுதான் அர்த்தம்.

"உங்களுக்கு என்ன விசரே?" என்றார்.

"ஒரு நாள் அலுவல்தானே."

"ஒரு நாளைக்கு ஆரும் துவக்கு வாங்குவினமே? மிச்ச நாளெல்லாம் அது எங்கை படுக்கும்?"

"கட்டிலுக்குக் கீழை வைக்கலாம்."

"அப்ப நீங்களும் அதோடை கீழை படுங்கோ."

படிவம் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் காந்தம் ஒன்றின் கீழ் மூன்று கிழமை தொங்கியது. அனுமதி வர மாதக்கணக்கில் ஆகும் என்று வகுப்பில் சொல்லியிருந்தார்கள். ஒவ்வொரு திங்கட்கிழமையும் பக்கத்து மேசைக்காரர் ஆப்பிளை வைத்துவிட்டு என்னைப் பார்ப்பார். கேட்க மாட்டார். வேறு ஆளுக்கு அந்த இடத்தைக் கொடுக்கவும் இல்லை.

இதற்கிடையில், கையெழுத்துக் கிடைக்கும் என்ற துணிச்சலில் துவக்குப் பார்க்கப் போனேன். நாங்கள் எதையும் தனியே போய் வாங்குவதில்லை. கார் என்றால் கார் தெரிந்தவர், வீடு என்றால் வீடு விற்ற அனுபவமுள்ளவர் என்று ஓர் ஆள் கூட வரவேண்டும். துவக்குக்கு நான் கூட்டிப்போனது மொன்றியல் துறைமுகத்தில் கொள்கலன் இறக்கும் மன்னார் அண்ணையை. அவருடைய தகப்பனிடம் ஒரு காலத்தில் அனுமதி பெற்ற இரட்டைக்குழல் துவக்கு இருந்தது. குளக்கரையில் தாரா வாத்துகள் சுட்டிருக்கிறார்கள். செயின்ட்-மிஷேலில் எங்கள் தெருவிலிருந்து புறப்பட்ட பேருந்தில் அவர் கேட்ட முதல் கேள்வியே என் புத்தக அறிவு முழுவதையும் கலைத்தது.

"தம்பி, பறக்கிறதை ஏன் சுடவேணும்? இருக்கவிட்டுச் சுட்டால் ஒரு தோட்டாவிலை அலுவல் முடியுமெல்லே?"

"அது மரியாதை இல்லையாம் அண்ணை. தாழப் பறந்தாலே விட்டிடுவினமாம். உயரப் போறதைத்தான் சுடவேணுமாம்."

"கிட்ட வந்ததை விட்டிட்டு எட்டாததுக்கு நிக்கிறதோ? இதென்ன, மாப்பிள்ளை பாக்கினமோ?"

கடைக்காரர் வெள்ளை மீசை வைத்த அமைதியான மனிதர். உயரப் பறக்கும் ஃபெஸானுக்கு என்றதும் அவர் முகம் மலர்ந்தது. சுவரிலிருந்து ஒன்றை எடுத்து, திறந்து, உள்ளே ஒன்றுமில்லை என்று காட்டிவிட்டு, மூடி, மேற்கூரையில் தொங்கவிட்டிருந்த பாடம் செய்த பறவையை நோக்கித் தோளுக்கு உயர்த்தினார்.

நானும் அண்ணையும் அடையாள அட்டையை எடுத்து நீட்டினோம்.

திட்டமிட்டு எடுக்கவில்லை. ஒருவரை ஒருவர் பார்க்கவும் இல்லை. துவக்கு மேலே போனது, கை சட்டைப் பைக்குள் போனது. வெளியே வந்தது கியூபெக் மருத்துவ அட்டை. சூரியன் படம் போட்ட அந்த அட்டையைக் காட்டினால் ஆஸ்பத்திரியில் மருந்துதான் கிடைக்கும். கடைக்காரர் துவக்கை இறக்கி, இரண்டு அட்டைகளையும் பார்த்து, அட்டை இப்போது தேவையில்லை, வாங்கும்போது வேறு அட்டை கொண்டுவந்தால் போதும் என்றார். அண்ணை வெளியில் வந்துதான் சிரித்தார். "ஆமிச் சோதனையளை விட்டு வந்து இருவது வருசமாச்சு, கைக்கு இன்னும் தெரியேல்லை," என்றார்.

அதற்கு முன் கடைக்காரர் பொறுமையாக விளக்கினார். உயரத்துக்குப் பன்னிரண்டாம் அளவுத் துவக்குத்தான் வேண்டும். இருபதாம் அளவு மெலிந்தது, அதன் தோட்டாவுக்குள் சிறு குண்டுகள், அந்தச் சன்னங்கள், குறைவு. குழல் முப்பது அங்குலம் இருந்தால் கை ஒரே சீராகச் சுழலும். கொஞ்சம் பாரம் இருப்பதும் நல்லது. பாரமான துவக்குத் தோளில் மெதுவாக உதைக்கும். குழலின் வாய் சற்று ஒடுங்கியிருந்தால் சன்னங்கள் சிதறாமல் மேலே போய்ச் சேரும். குழல்கள் பக்கம் பக்கமாக இருப்பதைவிட ஒன்றின்மேல் ஒன்று இருப்பது குறி வைக்கச் சுகம் என்றார். அதில் மட்டும் அண்ணைக்கு உடன்பாடில்லை. இரட்டையென்றால் பிள்ளைகள் மாதிரிப் பக்கத்தில் பக்கத்தில் கிடக்க வேண்டும், ஒன்றின்மேல் ஒன்று ஏறி நிற்பது கொள்கலன்தான் என்று என்னிடம் தமிழில் சொன்னார். நான் அதை மொழிபெயர்க்கவில்லை.

மேல்-கீழ்க் குழல் துவக்கு ஒன்று எனக்குப் பிடித்தது. தோளில் வைக்கும் பகுதியான, வால்நட் மரத்தில் செய்த அதன் பிடங்கில் தேன் நிறக் கோடுகள் ஓடின. தோளுக்கு உயர்த்தினேன். பிடங்கின் அடி கமக்கட்டில் மாட்டியது. இரண்டாம் தடவை கோட்டின் மடிப்பில் மாட்டியது. மூன்றாம் தடவை தோளுக்கு வந்துவிட்டது, ஆனால் நான் பின்னால் சரிந்து, தண்ணீர்க் குடத்தைத் தலைக்கு ஏற்றுகிற ஆள் மாதிரி நின்றேன். அடுத்தடுத்து நாலு துவக்குகள். எல்லாம் அதே கதை. அண்ணை கோட்டில் பிழை என்றார். நான் துவக்கில் பிழை என்றேன். கடைசியில் குளிரில் பிழை என்று இருவரும் ஒத்துப்போனோம். கடைக்காரர் என் உயரத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, மிக மரியாதையான குரலில், உள்ளே பதின்மூன்று வயதுப் பிள்ளைகளுக்கான இருபதாம் அளவுத் துவக்கு ஒன்று இருக்கிறது என்றார். அது அழகாகத் தோளில் வந்து உட்கார்ந்தது. ஆனால் பொப்லார் தலைக்கு மேல் போகிற பறவைக்கு அதிலிருந்து போவது வாழ்த்துச் செய்திதான்.

எட்டுகிற துவக்கு எனக்குப் பொருந்தவில்லை. பொருந்துகிறது எட்டாது. வீட்டுக்கு வந்து இதை ஒரு பகிடியாகத்தான் மனைவியிடம் சொன்னேன். அவர் சோற்றை வடித்துக்கொண்டே கேட்டார்.

"அந்த மனுசன் தம்பிக்காரன்ரை இடத்துக்கு வேறை ஆரையும் கேக்கேல்லையோ?"

"இல்லை. எனக்காகப் பாத்துக்கொண்டு இருக்கிறார்."

பானையை நிமிர்த்தி மூடினார். "சனிக்கிழமை வாறன். கண்ணாலை பாக்காமல் நான் ஒண்டுக்கும் கையெழுத்துப் போடுறேல்லை," என்றார்.

சனிக்கிழமை கோயிலுக்குப் போகிற கோட்டைப் போட்டுக்கொண்டு வந்தார். படிவம் என் பையில் இருந்தது. கடைக்காரர் என்னை அடையாளம் கண்டு, நான் ஆசைப்பட்ட அந்தத் துவக்கைச் சுவரிலிருந்து எடுத்தார். தோளுக்குக்கூட உயர்த்தவில்லை, எடுத்ததுதான். என் மனைவி கைப்பையின் பூட்டைத் திறந்து, இரண்டு கையாலும் வாயை விரித்து, அவருக்கு உள்ளே தெரியும்படி நீட்டிக்கொண்டு நின்றார்.

பைக்குள் ஒரு சீப்பு, பேருந்துச் சீட்டு, தலையிடி மாத்திரை, அளவுநாடா. கடைக்காரர் துவக்கை மெல்லக் கண்ணாடி மேசையில் படுக்க வைத்தார். குனிந்து, உண்மையிலேயே பார்க்கிறவர்போல் பைக்குள் பார்த்தார். "த்ரே பியன், மதாம். மெர்சி," என்றார். எல்லாம் சரி, நன்றி என்று அர்த்தம். சிரிக்கவில்லை. அதற்காகவே அந்த மனிதரை இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.

மனைவி பையை மூடினார். கழுத்து வரை சிவந்திருந்தார். போய்விடுவோம் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். ஆனால் என் கைகளுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. மேசையில் கிடந்ததைத் தூக்கி, பாடம் செய்த பறவையை நோக்கி உயர்த்தினேன். கமக்கட்டில் மாட்டியது. மனைவி பார்த்தார். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். புதுச் சட்டை போட்டுக்கொண்டு நான் கண்ணாடி முன்னால் நிற்கும்போது பின்னாலிருந்து வருகிற பார்வை.

"கை நீளம்," என்றார்.

"ஆரின்ரை கை?"

"உதின்ரை கை. உங்களுக்குக் கடையிலை வாங்கிற ஒவ்வொரு சட்டைக்கும் நான் கையிலை ஒரு இஞ்சு வெட்டித்தானே தாறனான். உதுக்கும் வெட்டச் சொல்லுங்கோ."

மறுபடி பையைத் திறந்தார். இந்தத் தடவை அளவுநாடா வெளியே வந்தது. என் முழங்கையை மடக்கி, மடிப்பிலிருந்து சுட்டுவிரலின் முதல் மூட்டு வரை பிடித்துப் பார்த்தார். பிறகு, ஒரு கணம் தயங்கி, விசையிலிருந்து பிடங்கின் அடி வரை நாடாவை வைத்தார். துவக்கில் அவர் விரல் பட்டது எனக்குத் தெரிந்தது. அவருக்கும் தெரிந்திருக்கும். விரலை எடுக்கவில்லை.

கடைக்காரர் தன்னுடைய அளவுகோலைக் கொண்டுவந்து அளந்தார். ஓர் அங்குலம் அதிகம். என்னை விட்டுவிட்டு அவரைப் பார்த்து, மதாம் துவக்கு வேலை செய்கிறவரா என்று கேட்டார்.

"மாந்தோ," என்றார் மனைவி. கோட்டு.

படிவத்தை எடு என்பதுபோல் என் பக்கம் கையை நீட்டினார். அந்தக் கண்ணாடி மேசையிலேயே, கடைக்காரரின் பேனையால் கையெழுத்துப் போட்டார். "வீட்டுக்கை மட்டும் வரக்கூடாது," என்றார். அதை நான் மொழிபெயர்த்தேன். கடைக்காரர் அது எல்லா மனைவிமாரும் சொல்வதுதான் என்றார்.

இலைகள் நிறம் மாறத் தொடங்கியபோது அனுமதி வந்தது. வெட்டிய துவக்கை எடுக்கப் போனபோது கடைக்காரர் ஒரு சிறு கடதாசிப் பையையும் தந்தார். பிடங்கிலிருந்து வெட்டிய ஓர் அங்குல மரத்தின் விளிம்பைத் தேய்த்து, எண்ணெய் பூசி, மதாமுக்கு என்று வைத்திருந்தார். துவக்கு நேரே லொங்குய்க்குப் போய், பக்கத்து மேசைக்காரரின் நிலவறையில், பூட்டிய அலமாரியில் தங்கியது.

சுடப் போன நாள் காலை மெல்லிய மூடுபனி. அவருடைய தம்பியின் முளைக்குப் பக்கத்தில் நின்றேன். துவக்கு ஒவ்வொரு தடவையும் சட்டை மாதிரித் தோளுக்கு வந்தது. பறவைகள் மரங்களுக்கு மேலே வந்தன, நான் சுட்டேன், அவை தங்கள் அலுவலைப் பார்த்துக்கொண்டு போயின. பதினொரு தடவை அப்படி. பன்னிரண்டாவது தடவை ஒன்று மடிந்து விழுந்தது. அடுத்த முளையில் நின்ற அவருடைய குழலிலிருந்தும் புகை வந்துகொண்டிருந்தது. அவர் துவக்கை இறக்கிவிட்டு, அது உன்னுடையது என்றார். என் குழல் அந்தப் பறவையின் வாலுக்கும் பின்னால் நின்றது எனக்குத் தெரியும். ஒன்பது வருடத்தில் அவர் என்னிடம் சொன்ன ஒரே பொய் அது. பேசாமல் ஏற்றுக்கொண்டேன். மதியம் அவரே எனக்கு உப்பு எடுத்துத் தந்தார்.

மனைவி அதைச் சரக்குத்தூள் போட்டுக் குழம்பு வைத்தார். சன்னம் ஒன்று பல்லில் பட, எடுத்துச் சாப்பாட்டுக் கோப்பை ஓரத்தில் வைத்துவிட்டுத் தொடர்ந்து சாப்பிட்டார். அண்ணையும் வந்திருந்தார். எவ்வளவு உயரப் பறந்தாலும் சட்டிக்குள் கோழிதான் என்றார்.

அப்படி இன்னும் ஓர் இலையுதிர் காலம் போனோம். பிறகு பக்கத்து மேசைக்காரர் ஓய்வு பெற்று, தூர வடக்கே மகளோடு இருக்கப் போனார். நிலவறையைக் காலி செய்யும்போது துவக்கை என்ன செய்வது என்று கேட்டார். வீட்டில் சொல்ல ஒரு கிழமை நியாயங்களைச் சேர்த்தேன். அவற்றில் ஒன்றைக்கூட நான் முன்வைக்கவில்லை, ஏனென்றால் முதல் வசனத்திலேயே மனைவி, "மொத்தம் என்ன நீளம்?" என்று கேட்டுவிட்டார். குளிர்கோட்டுக்கு உள்ளே வைக்கும் பஞ்சுத் துணி மிச்சம் இருந்தது. தொழிற்சாலை அதற்குள் மூடிவிட்டது, வீட்டிலேயே தைத்துக்கொண்டிருந்தார். இரண்டு நாளில் உறை தயார். ஊதா நிறம், உள்ளே சாம்பல், நுனியில் நாடா முடிச்சு. துவக்கு அதற்குள் வெகு கச்சிதமாக இருந்தது.

சட்டப்படி அது எங்கள் வீட்டில் கீழே பூட்டிய இரும்பு அலமாரிக்குள்தான் நிற்கிறது. நான் பிறகு போகவில்லை. மற்ற ஆறு பேரும் கூப்பிடவில்லை, நானும் கேட்கவில்லை. பக்கத்து மேசைக்காரர் இல்லாமல் அந்த முளையில் நிற்க எனக்கும் முறை தெரியாது.

மரத்துண்டு மட்டும் மேலே தையல் மேசையில் இருக்கிறது. துணி வெட்டுவதற்கு முன் கடதாசி அளவுகள் காற்றில் பறக்காமல் அதைத்தான் மனைவி மேலே வைப்பார். போன கிழமை எனக்கொரு சட்டை வாங்கினேன். அவர் சட்டைக் கையை மடித்து ஊசி குத்திவிட்டு, திரும்பிப் பார்க்காமலே இடக்கையால் மேசையில் தடவி, அந்தத் துண்டை எடுத்துச் சட்டையின் மேல் வைத்தார்.